ரிக் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ரெடி... உடம்புக்கு?

ஜேடர்பாளையம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காவிரியின் படுகையணை, அண்ணா பூங்கா, அணையோரம் சுடச்சுடப் பொரித்துத் தரும் மீன். சுற்றிலும் கரும்புக் காடு, வெற்றிலைக் கொடிக்கால், வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகைகள். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஆற்றங்கரை.

ஆனால், ஆற்றை விட்டுச் சற்றே வடக்கே நகர்ந்து திருச்செங்கோடு பக்கம் போனால் கதை வேறு. வானம் பார்த்த அந்த மண்ணில் தண்ணீருக்காகப் பூமியைத் துளைத்துப் பழகியவர்கள், அதையே ஊர் ஊராகச் சென்று செய்யும் தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு இந்தியாவின் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும் அங்கே ஒரு நாமக்கல் மாவட்ட ரிக் வண்டியைப் பார்க்கலாம். அந்த வண்டிகளில் சில கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கின்றன. வண்டி போன இடத்துக்கு டிரில்லரும் ஹெல்பரும் போகத்தானே வேண்டும்?

ஜேடர்பாளையம் பக்கத்தில் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டுக்காரருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. ரிக் வண்டியில் பல வருட அனுபவம். இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கென்யாவில் ஒரு வருட வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் ஃபிளைட். அம்மா பருப்புப்பொடி இடிக்கிறார். மனைவி ஊறுகாயை ஒழுகாத டப்பாவில் அடைக்கிறார். அச்சு வெல்லம் இரண்டு கிலோ தனியாக இருக்கிறது.

வண்டிக்கு என்னென்ன ஸ்பேர் போகிறது என்று கேட்டால், மனிதர் மூச்சுவிடாமல் சொல்வார். பிட், ஹேமர், ஹோஸ், ஆயில் சீல், ஃபில்டர், பேரிங். “அங்க காட்டுக்குள்ள நின்னா கடை ஏதுங்க? எல்லாம் இங்கிருந்தே எடுத்துட்டுப் போயிரணும்!”

சரி, உடம்புக்கு?

“ரெண்டு அட்டை காய்ச்சல் மாத்திரை வெச்சிருக்கேனுங்க.”

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடை இல்லாத இடத்தில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு, மருத்துவமனை இல்லாத இடத்தில் உடம்பு நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. ரிக் வேலைக்கு மட்டுமல்ல. குவாரி, கட்டுமானம், விவசாயப் பண்ணை என்று தொலைதூர இடங்களுக்கு வேலைக்குப் போகிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

மூன்று வாரம் போதாது!

வெளிநாட்டின் உள்பகுதிகளுக்குப் போகிறவர்கள், கிளம்புவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் பயண மருத்துவத்தின் பாலபாடம். காரணம் எளிது. தடுப்பூசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பு எதிர்ப்பு சக்தியை உருவாக்க நாள் எடுக்கும். சில ஊசிகளை இடைவெளிவிட்டு இரண்டு, மூன்று முறை போட வேண்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வழக்கமான முறையில் மூன்று தவணையும் முடிக்கவே 6 மாதம் ஆகும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது வெறும் நாட்டின் பெயரை அல்ல. எந்தப் பகுதி, எத்தனை மாதம், என்ன வேலை, தங்கும் இடம் லாட்ஜா, டென்ட்டா, அருகில் மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவு என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கென்யாவையே எடுத்துக்கொண்டால், தலைநகர் நைரோபி உயரமான இடம். மலேரியா ஆபத்து குறைவு. விக்டோரியா ஏரிப் பகுதியிலும் கடலோரத்திலும் ஆபத்து அதிகம். ரிக் வண்டி எங்கே நிற்கப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மாத்திரையும் ஊசியும் முடிவாகும்.

டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். இரும்போடு இரவும் பகலும் புழங்குகிறவர்களுக்கு இது மிக முக்கியம். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் தேவையா என்று கேட்டுக்கொள்ளலாம். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் பகுதியில், வறண்ட மாதங்களில் மூளைக்காய்ச்சல் பரவும். அந்த நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அதற்கான ஊசி தேவைப்படும். நாய்க்கடிக்கு உடனே ஊசி கிடைக்காத இடம் என்றால், ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வதும் நல்லது. முன்பே போட்டிருந்தாலும், கடிபட்ட பிறகு காயத்தை சோப்பு போட்டு நன்கு கழுவிவிட்டு மறுபடி ஊசி போட்டாக வேண்டும்.

பல் சொத்தையைக்கூட ஊரிலேயே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பல்வலி வந்தால் அதற்காக 200 கிலோமீட்டர் லாரியில் போய்வர முடியாது.

போகும்போது கேட்கவில்லை... வரும்போது கேட்பார்கள்!

ஆப்பிரிக்கப் பயணத்தில் அடிக்கடி அடிபடும் பெயர், மஞ்சள் காய்ச்சல். நம் ஊரில் கீழாநெல்லி கொடுக்கும் மஞ்சள் காமாலை வேறு; இது வேறு. கொசு மூலம் பரவும் வைரஸ் நோய் இது. இதற்கென்று நேரடி மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டுமே பாதுகாப்பு. 2022-ல் கென்யாவின் இசியோலோ பகுதியில் இந்த நோய் பரவியது.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உகாண்டா, கானா போன்ற நாடுகள், உள்ளே நுழைகிற எல்லோரிடமும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கின்றன. கென்யா அப்படியல்ல, நோய் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடம்தான் கேட்கும். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. அதனால் இங்கிருந்து நேராகப் போகிறவர், ‘யாரும் கேட்கல, தேவையில்லை போல’ என்று நினைத்துவிடுவார். ஆனால், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். நோய் ஆபத்துள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கென்யாவும் இருக்கிறது. செல்லத்தக்க சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். வாசலில் குழந்தைகள் காத்திருக்க, மனிதர் தனி அறையில் இருப்பார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இந்த வைரஸைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் தாராளமாக இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். கொசு இருக்கிறது, வைரஸ் இன்னும் வரவில்லை. அது வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தச் சோதனை.

இந்த ஊசியை எல்லா கிளினிக்கிலும் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, சர்வதேசச் சான்றிதழில் முத்திரை வாங்கினால்தான் செல்லும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம், சென்னை மற்றும் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. என்றைக்குப் போடுகிறார்கள், முன்பதிவு எப்படி என்று விசாரித்துவிட்டு, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். ஜேடர்பாளையத்திலிருந்து சென்னைக்கு ஒரு இரவு பஸ் பயணம். அதற்கும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.

ஊசி போட்ட 10-வது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். முன்பு 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். 60 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை அலர்ஜி உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

‘நாம பாக்காத மலேரியாவா?’

நம் ஆட்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது மலேரியாவைத்தான். “கொசுக்கடியிலயே வளர்ந்த உடம்புங்க இது” என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. ஆனால், அங்கே காத்திருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் உலகம் முழுக்க சுமார் 24.9 கோடி பேருக்கு மலேரியா வந்தது. 6,08,000 பேர் இறந்தார்கள். அந்த நோயாளிகளில் 94 சதவிகிதம் பேர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு, பலமுறை தாக்கப்பட்டு ஓரளவு எதிர்ப்பு சக்தி இருக்கும். நாமக்கல்லிலிருந்து போகிறவருக்கு அது கிடையாது. அங்கே உள்ளூர்க்காரர் ‘சாதாரணக் காய்ச்சல்’ என்று சொல்வதை நம்பிப் படுத்திருந்தால், நம்மவர் நிலை ஒரே நாளில் மோசமாகலாம்.

இதைத் தடுக்க மாத்திரைகள் உண்டு. இந்தியாவின் தேசிய வழிகாட்டுதல்படி, 6 வாரம் வரை தங்குபவர்களுக்கு தினமும் டாக்சிசைக்ளின். பயணத்துக்கு 2 நாள் முன்பே தொடங்க வேண்டும். அதற்கு மேல் தங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின். 2 வாரம் முன்பே தொடங்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான விதி: அந்த இடத்தைவிட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். ஏர்போர்ட்டில் இறங்கியதும், ‘அதான் வீட்டுக்கு வந்தாச்சே’ என்று மாத்திரையைத் தூக்கிப் போடுவது பெரிய தவறு. கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி நம்மோடு கூடவே ஊருக்கு வந்திருக்கலாம்.

இவற்றைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது. வலிப்பு, மன அழுத்தம் போன்ற பிரச்னைகள் இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. டாக்சிசைக்ளின் சாப்பிட்டால் வெயில் பட்டுத் தோல் எளிதில் கன்றிப்போகும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ரிக் தொழிலாளிக்கு எது சரி, ஒரு வருடம் தங்குபவர் எத்தனை காலம் சாப்பிடுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவமனைக்குப் போகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்கிற இடமாக இருந்தால், பரிசோதனை கிட், அவசர மலேரியா மருந்து இரண்டையும் கையோடு கொண்டுபோகலாமா என்றும் அவரிடமே கேட்கலாம்.

மாத்திரை இருந்தாலும் கொசுவலை தேவை. மலேரியா கொசு அந்தியில் தொடங்கி விடியும்வரை கடிக்கும். மருந்து தடவிய கொசுவலை, முழுக்கை சட்டை, தோலில் பூசும் கொசுவிரட்டி மூன்றும் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இடம்பிடிக்க வேண்டும்.

அணையில் நீந்தியவர், ஏரியில் இறங்கலாமா?

ஜேடர்பாளையத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காவிரியும் ராஜவாய்க்காலும் சொல்லிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில், வேலை முடிந்த சாயங்காலம் புழுதியும் ஆயிலும் போக ஏரியில் ஒரு முங்கு போடலாம் என்று தோன்றும். விக்டோரியா ஏரி, மலாவி ஏரி போன்ற நன்னீர் நிலைகளில் அது ஆபத்து. அங்கே நத்தைகளிலிருந்து வெளியேறும் நுண்ணிய புழுக்கள், தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பில்ஹார்சியா என்று இந்த நோய்க்குப் பெயர். சிறுநீரில் ரத்தம், வயிற்றுக் கோளாறு என்று மாதங்கள் கழித்துக்கூட வெளிப்படும். தடுப்பூசி கிடையாது, தண்ணீரில் இறங்காமல் இருப்பதே தடுப்பு. இறங்கியிருந்தால், ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளலாம். சரியான மாத்திரையால் குணமாகும்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பதே நல்லது. ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர் வயிற்றுப்போக்கில் சுருண்டு படுக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ் பாக்கெட் பத்தாவது கையில் இருக்கட்டும். தீர்ந்துபோனால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

மாத்திரை கைப்பையில்... சீட்டும் கூடவே!

சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா என்று தினசரி மருந்து எடுப்பவர்கள், ‘அங்கே வாங்கிக்கலாம்’ என்று நம்பிப் போகக் கூடாது. அதே மருந்து கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் தரம் சந்தேகம்தான். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் புழங்கும் மருந்துப் பொருள்களில் பத்தில் ஒன்று தரமற்றது அல்லது போலி என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனமே மதிப்பிட்டது.

கவனிக்க வேண்டியவை:

* முடிந்தவரை முழு காலத்துக்கும் தேவையான மருந்தோடு, கூடுதலாகச் சில வாரத்துக்கும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். எவ்வளவு அனுமதி என்பதை அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.
* மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், அட்டையோடு வைக்க வேண்டும். பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் மருத்துவர் எழுதிய சீட்டு அவசியம்.
* எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் மாத்திரை கையில் இருக்கும். இன்சுலினை லக்கேஜில் போடவே கூடாது. உறைந்துபோனால் வேலை செய்யாது.
* கரன்ட் இல்லாத சைட்டில் இன்சுலினைக் காக்க, ஈர மணலிட்ட மண்பானைக்குள் சிறு பானை வைக்கும் நம் பாட்டி காலத்து முறை ஓரளவு கைகொடுக்கும்.
* டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை. ஆப்பிரிக்க விமானங்கள் பலவும் துபாய், தோஹா வழியாகப் போகின்றன. வளைகுடா நாடுகளில் இவற்றுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. ‘முதுகுவலிக்கு வெச்சிருந்தேன்’ என்ற விளக்கம் அங்கே எடுபடாமல் போகலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் இருக்கும் இடத்தில் தனிமை, குடி, பாதுகாப்பற்ற உறவு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். ஹெச்.ஐ.வி பற்றியும் ஆணுறை பற்றியும் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கூச்சமில்லாமல் பேசிவிடுவது, திரும்பி வந்து வருந்துவதைவிட மேல்.

சைட்டில் அடிபட்டால் யார் செலவு?

ராடு நழுவி விழுந்து கால் முறிந்தால், முதலில் அவரை நகரத்துக்குக் கொண்டுவர வேண்டும். சில நேரம் விமானத்தில்தான் கொண்டுவர முடியும். சிகிச்சையைவிட அந்தச் செலவே பெரிதாக இருக்கும். அதனால் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, அவசர காலத்தில் நோயாளியை அப்புறப்படுத்தும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான பாலிசிகள் பலவற்றில் உடலுழைப்பு வேலையில் ஏற்படும் விபத்துக்குப் பணம் கிடைக்காது. சர்க்கரை இருப்பதை மறைத்து எடுத்த பாலிசியும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிற தொழிலாளர்களுக்கு மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கிறதே என்று கேட்கலாம். குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் அது கட்டாயம். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் மேற்காசிய நாடுகளே இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் லிபியா, சூடான், தெற்கு சூடான் மட்டும்தான். கென்யா போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ரிக் ஓனரிடம் வேலை ஒப்பந்தத்திலேயே சிகிச்சைச் செலவு, ஊர் திரும்பும் செலவு யாருடையது என்று எழுதி வாங்கிவிட வேண்டும். மிக நெருக்கடியான நேரத்தில், இந்தியத் தூதரகங்களில் உள்ள இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம்.

வீட்டிலும் ஒரு தாள் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல், பாலிசி எண், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், அலர்ஜி, சைட் இருக்கும் ஊர், உடன் வேலை செய்யும் ஒருவரின் போன் எண், தூதரக எண். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்தாலும் சரி, சாமி அலமாரியில் வைத்தாலும் சரி. நடுராத்திரி போன் வந்தால், தேடாமல் எடுக்கிற இடமாக இருக்க வேண்டும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரு வரி

ஒரு வருடம் முடிந்து மனிதர் ஊர் திரும்புகிறார். விருந்து, கோயில், சொந்தபந்தம். மூன்றாவது வாரம் குளிரும் காய்ச்சலும். ஐப்பசி மழை நேரம். பார்ப்பவர்கள் எல்லோரும் டெங்குவாக இருக்கும், வைரல் காய்ச்சலாக இருக்கும் என்கிறார்கள். தெரிந்த கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்திருக்கிறார்.

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மலேரியா உள்ள பகுதியிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், பரிசோதித்து இல்லை என்று தெரியும்வரை அதை மலேரியாவாகவே கருத வேண்டும். முதல் 3 மாதங்களில் ஆபத்து அதிகம். ஒரு வருடம் வரைகூட வரலாம். தடுப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் வரலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் முறை ‘இல்லை’ என்று வந்தாலும், காய்ச்சல் நீடித்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மலேரியாவுக்கு இலவசமாக ரத்தம் பார்க்கிறார்கள். நிலைமை மோசமானால் நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நேரத்தோடு கண்டுபிடித்தால் குணப்படுத்த நல்ல மருந்து உண்டு.

ஆனால், மருத்துவர் கேட்காமல் போகலாம். வரிசையில் ஐம்பது காய்ச்சல்காரர்கள் நிற்கும்போது, லுங்கி கட்டி வந்து நிற்பவர் போன மாதம் விக்டோரியா ஏரிக்கரையில் இருந்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நோயாளிதான் சொல்ல வேண்டும். அவர் மயங்கிக் கிடந்தால் மனைவி சொல்ல வேண்டும். “ஏனுங்க டாக்டர், இவர் ஆப்பிரிக்காவுல இருந்து வந்து மூணு வாரம்தானுங்க ஆச்சு.”

அந்த ஒரு வரி உயிரைக் காப்பாற்றும். பருப்புப்பொடி இடிக்கும்போதே வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லிவைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.